நுரை அடங்கட்டும் என்று விட்டேன்

என் மகளுக்கு வலிப்பு வந்ததைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை. வந்த பிறகு நான் அவளுக்கு மருந்து கொடுத்ததைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். வலிப்பு யார் பிள்ளைக்கும் வரலாம், அது நம் கையில் இல்லை. மருந்து என் கையில் இருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் அச்சில் மண் கூழ் ஊற்றுகிற வேலை, இருபது வருடமாக. எழுதிப் பழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் நசீமா சிஸ்டர்தான், "நடந்ததை நடந்தபடி எழுதிக் குடுங்க, டிஸ்சார்ஜ் ஆவறவங்களுக்கு நான் படிச்சுக் காட்டறேன்" என்று கேட்டார். அதற்காக ஒரு நோட்டு வாங்கினேன். என் மனைவி வசந்தி பன்னிரண்டாவது படித்தவள், பிழை திருத்துகிறாள். சில இடம் வரும்போது திருத்தாமல் எழுந்து போய்விடுகிறாள். அந்த இடத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்தின் பேரையும் எத்தனை மில்லி என்பதையும் இதில் எழுத மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் எடைக்குத் தகுந்த மாதிரி அது மாறும். என் பிள்ளையின் அளவைப் பார்த்து இன்னொருத்தர் தன் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பயம் வேறு எனக்கு.

பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. படுத்த பிறகு அடுப்பு மூடியிருக்கிறதா என்று மூன்று முறை எழுந்து பார்ப்பேன். பட்டறையில், "பழனி போட்ட பூட்டை பழனியே நம்ப மாட்டான்" என்பார்கள். அப்படிப்பட்டவன் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதில் தப்பு செய்வானா என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

யாழினிக்கு ஐந்து வயசு. ஒரு காலை ஸ்கூலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இட்லியை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தவள் பார்வை அப்படியே மேலே ஏறிப் போய்விட்டது. கை ஒரு பக்கமாக இழுத்தது. பிறகு உடம்பு முழுக்க வெட்டியது. வசந்தி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயில் இருந்த இட்லியை விரலால் எடுத்தாள். விரலை உள்ளே விடக்கூடாது, பல் கடித்துவிடும், பிள்ளைக்கும் மூச்சு அடைக்கும் என்று பிறகு சொன்னார்கள். அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது. இரும்பு பட்டால் நிற்கும் என்று நான் சாவிக்கொத்தைப் பிள்ளை கையில் திணித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டோவில் போட்டு இங்கே ஊர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்டதும் நின்றது. நிமிர்ந்து மூச்சு விடுவதற்குள் மறுபடி வந்தது. பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. எழுதினால் அவர்கள் தப்பு செய்ததாக யாராவது நினைப்பார்கள்.

அங்கே ஒன்பது நாள். தலையெல்லாம் பசை வைத்து ஒயர் ஒட்டி மூளையில் ஓடுகிற கரண்டைக் கோடு கோடாக எடுத்தார்கள். வலிக்காது, ஆனால் பிள்ளை அசையாமல் படுக்க வேண்டும். ஸ்கேன் எடுக்க ஒரு குகை மாதிரி உள்ளே தள்ளுவார்கள், சுத்தியலால் அடிக்கிற சத்தம் வரும். மூளைக் காய்ச்சலா என்று பார்க்க முதுகில் ஊசி விட்டு நீர் எடுத்தார்கள். அதற்கு எங்களை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே நின்று அவள் கத்துவதைக் கேட்டோம். கத்துகிறாளே, உயிரோடு இருக்கிறாளே என்று எனக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதை வசந்தியிடம் இன்றுவரை சொன்னதில்லை, இப்போது திருத்தும்போதுதான் படிக்கப் போகிறாள்.

பக்கத்துக் கட்டிலில் வேப்பூர்க்காரர் ஒருவர். கலியபெருமாள் என்று பேர், ஹைவேஸ் ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். அவர் பையனுக்குக் கிட்னியில் சத்து ஒழுகி முகம் வீங்கிக்கொள்ளும் நோய், மூன்றாவது தடவையாக வந்து படுத்திருந்தான். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போதே எனக்குக் கண் கலங்கிவிடும். கலியபெருமாள் அண்ணன் துண்டை எடுத்து என் தோளில் போடுவார்.

"என்னா தம்பி நீ, டாக்டரு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அழுதுடற. அப்பறம் அவரு என்னாத்தப் பேசுவாரு? நல்ல சேதி சொல்ல வந்தவரு கூட பயந்து திரும்பிப் போயிடுவாரு."

"எனக்கு அப்படித்தான்ணே வருது."

"வரட்டும். துண்டு மட்டும் என்னுது, ஞாபகமா குடுத்துடு."

எல்லா டெஸ்டும் முடிந்து, கட்டி ஒன்றும் இல்லை, காய்ச்சல் ஒன்றும் இல்லை, இது வலிப்பு நோய், மருந்து ஒழுங்காகக் கொடுத்தால் கட்டுப்படும் என்றார்கள். குறைந்தது இரண்டு வருடம். காலை, ராத்திரி இரண்டு வேளை.

டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் யாரும் எதையும் காதில் வாங்குகிற நிலைமையில் இருப்பதில்லை. நான் மட்டும் இல்லை, அந்த வார்டில் பார்த்த எல்லோரும் அப்படித்தான். துணியை மடிக்க வேண்டும், பிளாஸ்க்கைத் தேட வேண்டும், கட்டிலுக்கு அடுத்த பிள்ளை வந்து நிற்கும். அந்த நேரத்தில் ஒரு சிஸ்டர் வந்து பாட்டிலையும் ஊசி இல்லாத சிரிஞ்சையும் கொடுத்துச் சொன்னார். "நல்லா குலுக்கிட்டு இந்தக் கோடு வரைக்கும் எடுத்துக் குடுங்க. ஒரு வேளை கூட விடக்கூடாது, அளவு குறையவும் கூடாது, கூடவும் கூடாது." சொல்லவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தெளிவாகச் சொன்னார். அத்தனை பேச்சில் எனக்குள் இறங்கி உட்கார்ந்தது அளவு குறையக்கூடாது என்கிற ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து முதல் வேளை. பாட்டிலை நன்றாகக் குலுக்கினேன். சிரிஞ்சில் இழுத்தேன். கோடு வரைக்கும் வந்தது. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே பாதி நுரை. நுரை என்றால் காற்று. காற்றைப் போய் மருந்து என்று கொடுத்தால் அளவு குறையுமா இல்லையா? குறைந்தால் வலிப்பு வருமா இல்லையா?

இங்கேதான் என் வேலைப் புத்தி குறுக்கே வந்தது. கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். பொம்மைக்கும் ஃபியூஸ் கட்டைக்கும் அச்சில் ஊற்றுகிற மண் கூழைக் கலக்கின உடனே ஊற்ற மாட்டோம். கலக்கும்போது காற்று ஏறியிருக்கும். அப்படியே ஊற்றினால் பொருளில் ஊசி குத்தின மாதிரி ஓட்டை விழும், சூளையில் வெடிக்கும். அதனால் ராத்திரி கலக்கி மூடிவைத்துவிட்டு, காலையில் நுரை அடங்கின பிறகு அலுங்காமல் மொண்டு ஊற்றுவோம். ஒரு ராத்திரி நின்றாலும் எங்கள் கூழில் மண் அடியில் இறங்காது, அதற்கென்று ஒரு ரசாயனம் சேர்த்திருப்போம். இருபது வருடமாக என் கை இதைத்தான் செய்கிறது.

பாட்டிலையும் அப்படியே செய்தேன். ராத்திரி மருந்து கொடுத்து முடித்ததும் குலுக்கி அலமாரியில் வைத்துவிடுவேன். காலையில் அலுங்காமல் எடுத்து, மூடியைத் திறந்து, சிரிஞ்சில் இழுப்பேன். ஒரு நுரை இருக்காது, கண்ணாடி மாதிரி கோட்டில் நிற்கும். கொடுத்து முடித்ததும் ராத்திரிக்காக மறுபடி குலுக்கி வைப்பேன். குலுக்கவும் குலுக்கினேன், அளவும் குறையவில்லை. ஆஸ்பத்திரியில் சொன்ன எல்லாவற்றையும் செய்கிறேன், அவர்களுக்குத் தெரியாத ஒரு பக்குவத்தையும் சேர்த்துச் செய்கிறேன் என்று மனசுக்குள் ஒரு பெருமை கூட இருந்தது.

ஒரு காலை பட்டறையில் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். நான் குளித்துவிட்டு வரும்போது வசந்தி பாட்டிலை எடுத்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏ வசந்தி, என்னா பண்ற? நுரை வருது பாரு."

"குலுக்கிட்டுத்தான குடுக்கச் சொன்னாங்க?"

"நான் ராத்திரியே குலுக்கி வெச்சிட்டேன். வெய்யி அத. இன்னொரு தடவ நீ தொடாத."

"எனக்கு மட்டும் அவ மேல அக்கறை இல்லியா?"

"அக்கறையைக் கேக்கல. அளவு தப்பிடும்ங்கறேன்."

அவள் பாட்டிலை வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போய்விட்டாள். அன்றிலிருந்து மருந்துப் பக்கம் வருவதில்லை. அவள் சரியாகச் செய்துகொண்டிருந்தாள், நான் தடுத்தேன். என் பயத்தை எல்லோரும் பொறுப்பு என்று நினைத்ததால், என்னை யாரும் எதிர்த்துக் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மத்தியானம் ஸ்கூலில் இருந்து போன் வந்தது. வலிப்பு. ஸ்கூலில் முன்பே சொல்லி வைத்திருந்ததால் டீச்சர் பயப்படாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்த்திருந்தார். மூன்று நிமிஷம். மறுபடி பெரிய ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

சின்ன வயசு டாக்டரம்மா. பொறுமையாகக் கேட்டார்.

"வேளை தவறாம குடுக்கறீங்களா?"

"ஒரு நிமிசம் தவறலைங்க மேடம்."

"குலுக்கிட்டுத்தானே குடுக்கறீங்க?"

"தினம் ரெண்டு வேளையும் குலுக்கறேங்க."

பொய் ஒரு வார்த்தை இல்லை. ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று ஒரு டெஸ்ட் உண்டு, அதை எடுத்தார்கள். இருக்க வேண்டியதில் பாதி கூட இல்லை. சில பிள்ளைகளின் உடம்பு மருந்தைச் சீக்கிரம் செலவழித்துவிடும், அளவைக் கூட்டிப் பார்ப்போம் என்று சொல்லி சிரிஞ்சில் வேறு கோட்டைக் காட்டினார். பாட்டிலில் அப்போது பாதிக்குக் கீழே மருந்து இருந்தது. இதையே கொடுங்கள், தீர்ந்ததும் புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அளவு கூட்டின ஐந்தாம் நாள் யாழினி நிலைப்படியில் மோதிக்கொண்டாள். விளையாட்டு என்று நினைத்தேன். அடுத்த நாள் நடக்கும்போது காலை அகட்டி அகட்டி வைத்தாள். "பாப்பா, ஒழுங்கா நட" என்று அதட்டினேன். அதட்டினதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அதற்கும் மறுநாள் டம்ளரை எடுக்கப் போன கை டம்ளருக்குப் பக்கத்தில் போய் நின்றது. பேச்சு குழறியது. கண்ணைப் பார்த்தால் கருமணி பக்கவாட்டில் துடித்துக்கொண்டே இருந்தது. ராத்திரிச் சோற்றை வாந்தி எடுத்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள்.

மருந்து நேரம் வந்தது. நான் பாட்டிலை எடுத்தேன். வசந்தி என் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்கு வேணாம்ங்க. எனக்கு என்னமோ மனசு சரியில்ல. போன் பண்ணிக் கேட்டுட்டுக் குடுப்போம்."

"ஒரு வேளை கூட விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. விட்டா திரும்பவும் வரும்."

"புள்ள கண்ணைப் பாருங்க."

"அது நோவு. மருந்து குடுத்தாத்தான் அடங்கும்."

தூக்கத்தில் இருந்த பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, கன்னத்தின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். விழுங்கினாள். பாட்டிலின் அடிப்பக்கம் வந்துவிட்டதால் மருந்து கெட்டியாக வந்தது, சிரிஞ்சு இழுக்கச் சிரமமாக இருந்தது. நுரையே இல்லை. நல்லதுதான் என்று நினைத்தேன்.

இதைப் படிக்கிற அம்மா அப்பாக்களே, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், அது ஆபத்து, வலிப்பு மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்துவிடும். ஆனால் பிள்ளை தள்ளாடினால், வாந்தி எடுத்தால், எழுப்ப எழுப்பத் தூங்கினால், அடுத்த வேளை கொடுப்பதற்கு முன்னால் போன் போட்டுக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் பேப்பரில் நம்பர் இருக்கும். எங்கள் பேப்பரிலும் இருந்தது. போனை எடுத்து அழுத்த எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

விடிந்தபோது அவளை எழுப்ப முடியவில்லை. கண்ணைத் திறந்தாள், எங்களைத் தெரியவில்லை. ஆம்புலன்ஸில் வசந்தி பாட்டிலையும் சிரிஞ்சையும் கேரி பேக்கில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். அவள் எடுத்து வராவிட்டால் என்ன ஆனது என்று கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆகியிருக்கும். அதனால் சொல்கிறேன், எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மருந்து பாட்டிலை, காலியாக இருந்தாலும், அளக்கிற சாமானோடு எடுத்துப் போங்கள்.

ஐசியுவில் சேர்த்தார்கள். மறுபடி அதே ரத்த டெஸ்ட். வெளியே வராந்தாவில் காத்திருந்தோம். மறுபடி பையனைச் சேர்த்திருந்த கலியபெருமாள் அண்ணன் எங்களைப் பார்த்து எழுந்து வந்தார். கிண்டல் எதுவும் பண்ணவில்லை. டீ வாங்கி வந்து வசந்தி கையில் கொடுத்துவிட்டு, துண்டை என் பக்கத்துச் சேரில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா பேப்பரோடு வந்தார். "ரத்தத்துல மருந்து ரொம்ப அதிகமா இருக்குது. போன தடவ பாதி கூட இல்ல, இப்ப இருக்க வேண்டியதுல ரெண்டு மடங்குக்கு மேல. நாங்க கூட்டின அளவுக்கு இவ்வளவு ஏறாது. வீட்டுல மருந்து குடுக்கறது யாரு?"

நான் வசந்தியைப் பார்த்தேன்.

"ரெண்டு பேரும்தான் மேடம் குடுக்கறோம்" என்றாள் வசந்தி.

என் பக்கம் திரும்பவில்லை. கேரி பேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தே நின்றாள். கல்யாணமாகி எட்டு வருடத்தில் அவள் எனக்காகச் சொன்ன ஒரே பொய் அது என்று நினைக்கிறேன்.

டாக்டரம்மா நசீமா சிஸ்டரைக் கூப்பிட்டார். மங்கலம்பேட்டைக்காரர், நாற்பது வயசு இருக்கும். பாட்டிலைக் கையில் வாங்காமலே என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வூட்டுல எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க. சொல்ல வேணாம், செய்யிங்க."

ஒரு மேசையில் பாட்டிலை மெதுவாக வைத்தேன். அலுங்காமல் மூடியைத் திறந்தேன். சிரிஞ்சை விட்டேன்.

"குலுக்கல?"

"நேத்தே குலுக்கிட்டேன் சிஸ்டர்."

"நேத்தா?"

"குலுக்கின உடனே எடுத்தா நுரை வருது. காத்துதான் உள்ள போவும், அளவு குறையும். அதனால முன்னாடியே குலுக்கி வெச்சிருவேன். நுரை அடங்கினதும் எடுப்பேன்."

பாட்டிலை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தார். பழுப்புக் கலர் பாட்டில், சும்மா பார்த்தால் உள்ளே தெரியாது. சாய்த்தால் தெரிந்தது. அடியில் அரைத்த சந்தனம் மாதிரி ஒரு படிவு, அசையாமல் நின்றது. மேலே தண்ணீராக ஒரு கோடு.

டாக்டரம்மாதான் விளக்கினார். சில மருந்து சர்க்கரைத் தண்ணீரில் கரையாது. பொடியாக மிதக்கும். நின்றால் இறங்கிவிடும். குலுக்கின கையோடு எடுத்தால்தான் ஒவ்வொரு வேளையும் ஒரே மாதிரி போகும். நான் முதல் பன்னிரண்டு நாள் மேலே நின்ற தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன், அதனால்தான் ஸ்கூலில் வலிப்பு வந்தது. மருந்து முழுக்க அடியில் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. பிறகு கூட்டின அளவில் அந்த அடிமருந்தைக் கொடுத்திருக்கிறேன்.

"குலுக்கறீங்களான்னு நான் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா, பாதி தனக்குத்தானே. "எப்பக் குலுக்கறீங்கன்னு கேக்கல."

நுரை வந்தால் என்ன செய்வது என்று பிறகு நசீமா சிஸ்டர் காட்டினார். குலுக்கி, உடனே கொஞ்சம் அதிகமாக இழுத்து, சிரிஞ்சைத் தலைகீழாகப் பிடித்து விரலால் தட்டினால் குமிழி மேலே வரும், அதைப் பாட்டிலுக்குள்ளேயே தள்ளிவிட்டுக் கோட்டில் நிறுத்த வேண்டும். அவ்வளவுதான். அரை நிமிஷ வேலை. டிஸ்சார்ஜ் அன்று, "சிஸ்டர், நுரை வந்தா என்னா பண்றது" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்டால் படிக்காதவன் என்று நினைப்பார்கள் என்று தோன்றியது. நினைத்துவிட்டுப் போகட்டும், கேளுங்கள். அவர்கள் எதிரில் ஒரு தடவை நீங்களே அளந்து காட்டுங்கள். ஊற்றுகிற கையை அவர்கள் பார்க்கட்டும்.

ஐசியுவில் ஐந்து நாள். மருந்தை நிறுத்தி, உடம்பில் இருப்பது தானாக இறங்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும், முறிவு மருந்து கிடையாது என்றார்கள். அதிகமாக இருந்தாலும் வலிப்பு வரலாம், வேகமாக இறங்கினாலும் வரலாம். இதயத் துடிப்பைத் திரையில் கோடாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மூக்கு வழியாகக் குழாய். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, ஒருத்தர் மட்டும் பத்து நிமிஷம் உள்ளே போகலாம். நான் என் முறையை வசந்திக்கே கொடுத்தேன். தியாகம் என்று அவள் நினைத்திருப்பாள். உள்ளே போய் அந்தக் கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மூன்றாம் நாள் வசந்தி வெளியே வந்து சொன்னாள். "நீங்க போங்க."

"நீயே போ."

"அவ அப்பான்னு ஒரு சத்தம் குடுத்தா. எனக்குக் கேட்டுது. போங்க."

உள்ளே போனேன். கருமணி இன்னும் துடித்துக்கொண்டுதான் இருந்தது. நான் நின்ற பக்கம் திரும்ப முயன்று, பிடிக்க முடியாமல் வழுக்கி வழுக்கி விட்டது. கையைப் பிடித்தேன். வெளியே வந்து வசந்தியிடம், "நான் செஞ்சத நீ ஏன் ரெண்டு பேருன்னு சொன்ன" என்று கேட்டேன்.

"தனியா நின்னா நீங்க தாங்க மாட்டீங்க" என்றாள். கூடவே, "அதுக்காக எனக்குக் கோவம் இல்லைன்னு நெனைக்காதீங்க" என்றாள்.

பட்டறையில் என் ஷிஃப்ட் வேலையையும் சேர்த்து இரண்டு பேர் செய்து சம்பளம் பிடிக்காமல் பார்த்துக்கொண்டார்கள். ஜவுளிக்கடையில் வசந்தியோடு வேலை பார்க்கிற பெண் எங்கள் வீட்டைப் பெருக்கி, பால்காரரை நிறுத்தி வைத்தாள். யாரும் என்னிடம் என்ன ஆனது என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

வார்டுக்கு மாற்றி இன்னும் ஆறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். நினைவு, பேச்சு எல்லாம் வந்துவிட்டது. நடைதான் வரவில்லை. மூளையின் பின்பக்கம் இருக்கிற, உடம்பைத் தள்ளாடாமல் பிடிக்கிற பகுதி அடிவாங்கியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும், நூற்றுக்கு நூறு என்று கையெழுத்துப் போட முடியாது என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு வரியைத்தான் தினமும் எழுந்ததும் நினைத்துக்கொள்கிறேன்.

மருந்து நின்றுவிடவில்லை. வேறு மருந்து, வேறு அளவு, அதே இரண்டு வேளை. இந்தத் தடவை வசந்திதான் நசீமா சிஸ்டர் எதிரில் அளந்து காட்டினாள். பிறகு சிஸ்டர் சிரிஞ்சை என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"இவங்களுக்குக் காய்ச்சல் வந்தா யாரு குடுப்பா?" என்றார் சிஸ்டர். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கணும். ஒருத்தரு செய்யறத இன்னொருத்தரு பாக்கணும். உங்க வூட்டுல அது இல்லாமதான் கெட்டுது."

அளந்து காட்டினேன். சரியாக இருக்கிறது என்றார். வீட்டுக்கு வந்து நான் தொடவில்லை. வசந்தியும் கேட்கவில்லை. அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டி, கொடுத்ததும் கையெழுத்துப் போடுவாள். நான் தள்ளி நின்று பார்ப்பேன். இரண்டு மாதம் இப்படிப் போனது.

போன வாரம் ஸ்ரீமுஷ்ணத்தில் வசந்தியின் பெரியப்பா தவறிவிட்டார். சாயங்காலம் திரும்பிவிடுவேன் என்று போனவள், எடுக்க நேரமாகிறது, கடைசி பஸ்ஸைத்தான் பிடிக்க முடியும் என்று போன் பண்ணினாள்.

"பக்கத்து வூட்டு அக்காவ வந்து குடுக்கச் சொல்லட்டுமா?" என்றேன்.

"எதுக்கு? நீங்க இருக்கீங்கல்ல."

"வசந்தி."

"வீடியோ கால்ல வாங்க. நான் பாக்கறேன்."

போனை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்தேன். திரையில் அவள் முகம், பின்னால் சாமியானா, யாரோ அழுகிற சத்தம். பாட்டிலில் எழுதியிருப்பதை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன். குலுக்கினேன். இழுத்தேன். தட்டினேன். கோட்டைப் போனுக்குக் கிட்டே கொண்டுபோய்க் காட்டினேன். அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை, இரண்டாவது தடவை காட்டச் சொன்னாள்.

"சரியா இருக்குது. குடுங்க."

யாழினி கூப்பிடுவதற்கு முன்பே வந்து நின்றாள். எனக்கு எதிரில், சமையல்கட்டுச் சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றாள். நான் ஏன் கொடுக்காமல் நிற்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை.

"அப்பா, வாய் வலிக்குது" என்றாள், வாயை மூடாமலே.

கொடுத்தேன். விழுங்கிவிட்டு முகத்தைச் சுளித்தாள். தண்ணீர் குடித்தாள். தாளில் என் பேரை எழுதினேன்.

"குடிச்சிட்டாளா?"

"குடிச்சிட்டா."

"வெச்சிடாதீங்க. அவ நடக்கறத காட்டுங்க."

போனைக் கையில் எடுத்துத் திருப்பிப் பிடித்தேன். யாழினி டிவி பக்கம் போய்க்கொண்டிருந்தாள். சுவர் இருந்த வரைக்கும் தொட்டுக்கொண்டே போனாள். சுவர் முடிந்து நடுவில் நான்கடி தரை. அங்கே ஒரு நிமிஷம் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காலை வைத்தாள். அந்தப் பக்கம் வசந்தி மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நான் பிள்ளை திரையை விட்டு விலகாதபடி பிடித்துக்கொண்டு நின்றேன்.